வலிப்பு நோயும் இளையோர் வாழ்வும்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பொருளும் எல்லையும்

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் கட்டுப்பாடு இழந்து ஒரே நேரத்தில் மிகையாகத் துடிக்கும்போது உடலிலோ உணர்விலோ தோன்றும் தற்காலிகக் கோளாறு வலிப்பு எனப்படுகிறது. காய்ச்சல், இரத்தச் சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் இல்லாமல் ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகள் வந்திருந்தாலோ, ஒரே ஒரு வலிப்புக்குப் பின் மறுபடியும் வரும் வாய்ப்பு மிகுதி என்று பரிசோதனைகள் காட்டினாலோ, அதனை வலிப்பு நோய் எனக் கொள்ளலாம் என்று பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014இல் வரையறுத்தது. கை கால்கள் வெட்டியிழுத்து, வாயில் நுரை தள்ளி, நினைவிழந்து விழுவது மட்டுமே வலிப்பு என்று பலரும் கருதினாலும், சில நொடிகள் கண்கொட்டாமல் வெறித்துப் பார்ப்பதும், சப்புக்கொட்டியபடி சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருப்பதும், காலையில் எழுந்தவுடன் கை வெட்டித் தம்ளர் நழுவி விழுவதும்கூட வலிப்பின் வடிவங்களே.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளதென்றும், அவர்களில் 80 விழுக்காட்டினருக்கு அருகானோர் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் வாழ்கின்றனர் என்றும், முறையான சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் அதுவரை நடந்த கள ஆய்வுகளைத் தொகுத்து ஸ்ரீதரனும் மூர்த்தியும் 1999இல் வெளியிட்ட கட்டுரை, ஆயிரம் பேரில் 5.59 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 12,45,899 ஆகும். மேற்கண்ட விகிதத்தை இதனோடு பொருத்தினால், மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வலிப்பு நோயோடு வாழ்கின்றனர் என்ற கணிப்பு கிடைக்கிறது. குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் இந்நோய் பலருக்குத் தொடங்குவதால், அவர்களுள் கணிசமானோர் பள்ளி, கல்லூரி, முதல் வேலை, திருமணம் ஆகியவற்றின் வாயிலில் நிற்கும் இளையோராகவே இருப்பர்.

இந்த இளையோரைப் பற்றி மருத்துவமும் குடும்பமும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, வலிப்பு நின்றதா என்பதே. அக்கேள்வி இன்றியமையாதது, ஆயினும் அது போதாது என்பதை அரை நூற்றாண்டுக் கால ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. வலிப்பு நோயுள்ள சிறுவனின் கோபமும், சிறுமியின் ஒதுங்கலும், வகுப்பில் கவனம் சிதறுவதும் குணக்கேடுகள் அல்ல, பெரும்பாலும் நோயின் பகுதிகளே என்பதையும், அவற்றைக் கண்டறிந்து உதவுவது மாத்திரை கொடுப்பதற்கு நிகரான சிகிச்சை என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முயலகன் முதல் காக்காய் வலிப்பு வரை

தமிழ் மரபில் இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று முயலகன். ஆடல்வல்லானின் திருவடிக்கீழ்க் கிடக்கும் வடிவத்துக்கும் அதுவே பெயர். கொல்லிமழவன் என்னும் தலைவன், முயலகன் நோயுற்ற தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமம் என்ற தலத்தில் இறைவன் திருமுன் கிடத்தியிருந்ததையும், அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளைத் தேற்றியதையும் பெரியபுராணம் கூறுகிறது. தமிழிலக்கியத்தில் பதிவான இந்த நோயாளி ஓர் இளம்பெண் என்பதும், அறிந்த மருத்துவத்தையெல்லாம் நாடி ஓய்ந்த தந்தை கோயிலைச் சரணடைந்தார் என்பதும் கருதத்தக்கவை. அந்தத் தந்தையின் தவிப்பு இன்றைய பெற்றோரின் தவிப்பிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

இன்று பேச்சுவழக்கில் காக்காய் வலிப்பு, இழுப்பு, ஃபிட்ஸ் என்ற சொற்கள் வழங்குகின்றன. கால்–கை வலிப்பு என்பதே காக்காய் வலிப்பு என மருவியது என்பது பரவலான விளக்கம். பெயர் மருவியது போலவே நம்பிக்கைகளும் மருவின. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் வழக்கம் பேருந்து நிலையங்களில் இன்றும் காணப்படுகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால், அப்போது கையிலிருந்த இரும்பே அதனை அடக்கியது என்ற நம்பிக்கை நிலைபெற்றது. பேய், செய்வினை, முன்வினை ஆகிய விளக்கங்களும் இவ்வாறே வேரூன்றின. மூளை நோயையும் மனநோயையும் வழிபாட்டிடங்களில் மட்டுமே தீர்க்க முயலும் போக்கின் கொடிய விளைவை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட நிகழ்வு தமிழகத்துக்கு உணர்த்தியது. வழிபாடு குடும்பத்துக்கு ஆறுதல் தருமாயின் அதனைப் பழிக்க வேண்டியதில்லை. வழிபாட்டோடு மருந்தும் தொடர வேண்டும் என்பதே வற்புறுத்தத்தக்கது.

நடத்தைச் சிக்கல்கள்: ஆய்வுகள் காட்டுவது

வலிப்பு நோயுள்ள சிறாரின் நடத்தையை ஒரு மக்கள்கூட்டம் முழுவதிலும் முறையாக அளந்த முன்னோடி ஆய்வு, இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டரும் துணைவரும் நடத்தி 1970இல் நூலாக வெளியிட்டதாகும். பொதுவான சிறாரில் 7 விழுக்காட்டினருக்கும், மூளை சாராத நாட்பட்ட நோயுள்ள சிறாரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கும் உளநலச் சிக்கல் இருந்தபோது, வேறு மூளைப் பாதிப்பு இல்லாத வலிப்பு நோயுள்ளோரில் அது ஏறத்தாழ 29 விழுக்காடாகவும், மூளைப் பாதிப்பும் வலிப்பும் சேர்ந்திருந்தோரில் 58 விழுக்காடாகவும் இருந்தது. நாட்பட்ட நோயின் பளு மட்டுமே நடத்தையைக் கெடுக்கிறதென்றால் பிற நோயுள்ள சிறாரிடமும் இதே அளவு காணப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு காணப்படாததால் மூளையே இதில் பங்கேற்கிறது என்ற முடிவு வலுப்பெற்றது. முப்பதாண்டுகளுக்குப் பின் பிரிட்டன் முழுவதற்கும் எடுக்கப்பட்டு 2003இல் வெளியான ஆய்விலும் வலிப்பு நோயுள்ள சிறாரில் 37 விழுக்காட்டினருக்கும், நீரிழிவுள்ளோரில் 11 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் உளநலச் சிக்கல்கள் இருந்தமை தெரியவந்தது.

தமிழகத்திலிருந்து கிடைக்கும் சான்றும் இதற்கு மாறானதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தத்தாவும் துணைவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அங்குச் சிகிச்சை பெற்ற வலிப்பு நோயுள்ள சிறாரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கவனிக்கத்தக்க நடத்தைச் சிக்கல்கள் காணப்பட்டன. பெரிய மருத்துவமனைக்குக் கடினமான நோயாளிகளே மிகுதியாக வந்துசேர்வர் என்பதால் இவ்விகிதத்தை ஊர்ப்புறத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் சிக்கலின் பரப்பை அது காட்டுகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் காலின் ரைலி குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையைச் சேர்த்தது: ஆராயப்பட்ட சிறாரில் ஐவரில் நால்வருக்கு நடத்தைச் சிக்கலோ அறிவுத்திறன் குறைபாடோ இருந்தும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே அது முன்னர்க் கண்டறியப்பட்டிருந்தது. மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே நிலை இதுவென்றால், ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரும் குடும்பங்கள் வாழும் பகுதியில் இக்கேள்வி கேட்கப்படாமலே போவதற்கு வாய்ப்பு மிகுதி.

இச்சிக்கல்களுள் முதன்மையானவை மூன்று. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் கூடிய நிலை ஒன்று. இதில் பிள்ளை சொன்னதை மறக்கிறது, ஓரிடத்தில் அமர முடியாமல் தவிக்கிறது. பதற்றமும் மனச்சோர்வும் மற்றொன்று; வளரிளம் பருவத்தில் இது அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும் உறக்கக் கேடாகவும் வெளிப்படுவதால் அடங்காப்பிள்ளை என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, பிறரோடு பழகுவதில் உள்ள இடர்ப்பாடு. மனச்சோர்வு முற்றிய நிலையில் தற்கொலை எண்ணம் தோன்றும் இடர் வலிப்பு நோயுள்ளோரிடம் பிறரைவிட மிகுதி என்பதால், பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கும் வேளாண் பகுதிகளில் அதனைப் பூட்டிவைப்பதும், பிள்ளையின் பேச்சில் வாழ்க்கை வெறுத்த தொனி தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் உதவி நாடுவதும் உயிர்காக்கும் செயல்களாகும். 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் உளநல உதவிச் சேவை 2022 முதல் செயல்பட்டுவருகிறது.

காரணங்கள்: மூளை, மருந்து, சூழல்

நடத்தைச் சிக்கல் வலிப்பின் பின்விளைவு மட்டுமே என்ற கருத்தை, அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ஜோன் ஆஸ்டின் 2001இல் வெளியிட்ட ஆய்வு மாற்றியது. முதல் வலிப்பு அண்மையில் வந்து ஆய்வில் சேர்க்கப்பட்ட சிறாரின் பெற்றோரிடம், வலிப்புக்கு முந்தைய ஆறு மாத நடத்தையைக் கேட்டறிந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் சிக்கல்கள் அப்போதே இருந்தமை தெரிந்தது. மூளையின் அதே கோளாறே வலிப்பாகவும் நடத்தையாகவும் இருவழியில் வெளிப்படக்கூடும் என்பதே இதன் பொருள். வலிப்பு வந்த பிறகு செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோருக்கு இக்கண்டுபிடிப்பு ஓர் ஆறுதல்.

மருந்துகளும் நடத்தையில் பங்கேற்கின்றன. 1912 முதல் பயன்பாட்டிலுள்ள பீனோபார்பிட்டால் விலை மிகக் குறைந்தது. ஆயினும் சில சிறாரிடம் மிகைத்துடிப்பையும் சோர்வையும் உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது. மேற்கு வங்க ஊர்ப்புறத்தில் தேப் பால் குழுவினர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், பீனோபார்பிட்டால் பெற்ற சிறாருக்கும் ஃபெனிட்டாயின் பெற்ற சிறாருக்கும் இடையே நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏழை நாடுகளில் அம்மருந்தை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாயிற்று. லெவெட்டிராசிட்டம் சிலருக்குக் கடும் எரிச்சலைத் தருகிறது. ஃபெனிட்டாயின் ஈறு தடிக்கவும் முகத்தில் உரோமம் வளரவும் செய்கிறது. வால்ப்ரோயேட் உடல் எடையைக் கூட்டுகிறது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு முகத்து உரோமமும் எடையும் சிறு செய்திகள் அல்ல. அவற்றைச் சொல்ல நாணி அவள் மாத்திரையைத் தானே நிறுத்திவிடக்கூடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு இடைவிடாது தொடர்ந்து உயிருக்கே கேடு நேரலாம் என்பதால், பக்கவிளைவைப் பற்றி மருத்துவர் தாமாகவே வினவுவதும் மருந்தை மாற்றித்தருவதும் நடத்தைச் சிகிச்சையின் முதற்படியாகின்றன.

மூன்றாவது காரணி சூழல். பிரித்தானியச் சமூகவியலாளர் கிரகாம் ஸ்காம்பளரும் நரம்பியல் மருத்துவர் ஆன்டனி ஹாப்கின்சும் 1986இல் இழிவை இரண்டாகப் பகுத்தனர். பிறர் உண்மையிலேயே ஒதுக்குவது நிகழும் இழிவு. ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சித் தானே ஒளிந்துகொள்வது உணரும் இழிவு. முன்னதைவிடப் பின்னதே பலரின் வாழ்வை மிகுதியாகச் சுருக்கியது என்பது அவர்களின் முடிவு. யாரிடமும் சொல்லிவிடாதே என்ற அறிவுரையைப் பிள்ளை முதன்முதலில் கேட்பது அன்புள்ள பெற்றோரின் வாயிலிருந்தே என்பது இதில் வேதனை தருவது.

வாழ்க்கைத் தரம் என்னும் அளவுகோல்

தம் பண்பாட்டுச் சூழலில், தம் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் கருதி, ஒருவர் தம் வாழ்நிலையைத் தாமே எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதை வாழ்க்கைத் தரம் என்ற சொல் குறிக்கிறது. வலிப்பு நோயுள்ள 11 முதல் 17 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்கென ஜாய்ஸ் கிரேமர் குழுவினர் 1999இல் வெளியிட்ட 48 கேள்விகள் கொண்ட அளவுகோல், நோயின் தாக்கம், நினைவாற்றலும் கவனமும், நோய் குறித்த மனப்பாங்கு, உடலியக்கம், இழிவுணர்வு, சமூக ஆதரவு, பள்ளி நடத்தை, நலம் குறித்த கண்ணோட்டம் ஆகிய எட்டுப் பிரிவுகளை உடையது. எட்டில் எதுவும் வலிப்பின் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பின்லாந்தில் குழந்தைப் பருவத்தில் வலிப்பு தொடங்கியோரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த மட்டி சில்லன்பேயின் ஆய்வு, வலிப்பு நின்றுபோனவர்களிலும் பலர் கல்வி, வேலை, திருமணம் ஆகியவற்றில் தம் வயதொத்தோரைவிடப் பின்தங்கியதை 1998இல் எடுத்துரைத்தது. வலிப்பு தொடர்ந்த ஆண்டுகளில் இழந்த பள்ளி நாட்களையும் நட்புகளையும் தன்னம்பிக்கையையும் பின்னர்க் கிடைக்கும் குணம் தானாக மீட்டுத் தந்துவிடுவதில்லை. மறுபுறம், காலத்தே செய்யும் சிகிச்சை நடத்தையையும் உயர்த்த வல்லது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உள்ளது. இரண்டு மருந்துகளை முறையாகப் பயன்படுத்தியும் வலிப்பு அடங்காத நிலை மருந்துக்கு அடங்கா வலிப்பு எனப்படுகிறது. அந்நிலையிலிருந்த 18 வயதுக்குட்பட்ட 116 பேரைக் கொண்டு தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூளை அறுவை பெற்றோரில் 77 விழுக்காட்டினரும், மருந்தை மட்டும் தொடர்ந்தோரில் 7 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். அறுவை பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உடற்பகுதித் தளர்ச்சி போன்ற கடும் விளைவுகள் நேர்ந்தன எனினும், நடத்தை மதிப்பெண்களும் வாழ்க்கைத் தர மதிப்பெண்களும் அக்குழுவில் தெளிவாக உயர்ந்தன.

பள்ளத்தாக்கின் அன்றாடத்தில்

மேகமலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு நடுவே, 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் செழித்த பகுதி கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் விளைகின்றன. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் நடுவம். இப்பகுதியின் வளமே வலிப்பு நோயுள்ள இளையோருக்குச் சில தனி இடர்களையும் தருகிறது. ஆறும் வாய்க்காலும் கிணறும் குளிக்குமிடங்களாக இருப்பதால், நீரில் வலிப்பு வந்து மூழ்கும் ஆபத்து இங்கு எப்போதும் உண்டு. தனியே நீரிலிறங்காமல், நிலைமையறிந்த ஒருவர் கரையில் நிற்கக் குளிப்பது எளிய காப்பு. விளையாட்டையே தடுப்பது தேவையற்றது. கபடியும் ஓட்டமும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை, ஒதுக்கிவைக்கும் தனிமையே தீங்கு செய்கிறது.

உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் வலுவான காரணிகளுள் ஒன்று. வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயில், விழித்தெழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெட்டி வெட்டி இழுக்கும். உறக்கம் கெட்ட மறுநாள் அது முழு வலிப்பாக மாறக்கூடும். இளம்பருவத் தசைவெட்டு வலிப்பு எனப்படும் இது, சரியான மருந்துக்கு நன்கு கட்டுப்படுவது. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் ஜீப்புகள் விடியுமுன் புறப்படுகின்றன; அவற்றைப் பிடிக்க வேண்டிய இளந்தொழிலாளியின் உறக்கம் பின்னிரவிலேயே முடிந்துவிடுகிறது. தேர்வுக்காலக் கண்விழிப்பும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின் இரவுகளும் இவ்வாறே. திருவிழாவுக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, பகலில் உறங்கி எழுந்து, மாத்திரையை வேளை தவறாது எடுத்துக்கொண்டு, நள்ளிரவுக்கு முன் வீடு திரும்பச் சொல்வது இளையோர் ஏற்கத்தக்க வழி.

வேலைத் தேர்விலும் இந்த நிதானம் வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான உடற்தகுதி உறுதிமொழிப் படிவம் வலிப்பு குறித்து நேரடியாக வினவுகிறது. ஜீப்போ லாரியோ ஓட்டுவது இளைஞர்களின் இயல்பான கனவாக உள்ள மலையடிவாரத்தில் அவ்வாய்ப்பு நழுவுவது பெரிய இழப்பு. உயரம், நீர், நெருப்பு, சுழலும் எந்திரம் ஆகியவற்றை விலக்கினாலும், தரம்பிரித்தல், கணக்கு, கடை, தையல், கணினிப் பணி, ஆசிரியப் பணி எனத் திறந்துள்ள வாயில்கள் பல. எதைச் செய்யக்கூடாது என்ற பட்டியலோடு நிறுத்தாமல் எதைச் செய்யலாம் என்பதையும் பதினைந்து வயதிலேயே பேசத் தொடங்கினால் மனச்சோர்வின் வேர் ஒன்று அறுபடும்.

பெண்ணும் திருமணமும்

திருமணப் பேச்சு தொடங்கும் வயதில் பெண்ணின் மீது நோயின் சுமை இரட்டிக்கிறது. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சொற்களை 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. சட்டம் விலகினும் அச்சம் விலகவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகத்திலிருந்து 2007இல் வெளியான ஆய்வில், திருமணத்துக்கு முன்பே நோயிருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதனை மறைத்தே மணந்திருந்தமையும், மறைத்தோர் மாத்திரையை ஒழுங்காக எடுக்க இயலாமல் அல்லலுற்றமையும் தெரியவந்தது. மறைத்தல் பாதுகாப்பு என்று தோன்றினாலும், ஒளித்து விழுங்கும் மாத்திரை தவறும்; தவறினால் வலிப்பு வரும்; வந்தால் நோயோடு பொய்யும் சேர்ந்து வெளிப்படும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் உறுப்பு வளர்ச்சிக்கும் அறிவு வளர்ச்சிக்கும் கேடு செய்ய வல்லதாகையால், மணவயதுப் பெண்ணின் மருந்தைத் திருமணத்துக்கு முன்பே மறு ஆய்வு செய்ய வேண்டும். அந்த உரையாடலுக்கும் வெளிப்படைத்தன்மையே அடித்தளம். தக்க மருந்தும் ஃபோலிக் அமிலமும் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தால், வலிப்பு நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமுள்ள குழந்தைகளைப் பெறுகின்றனர்.

இருக்கும் கட்டமைப்பும் செய்யத்தக்கதும்

ஆண்டிபட்டியை அடுத்த க.விலக்கில் 2004 முதல் இயங்கும் அரசு தேனி மருத்துவக் கல்லூரியும், மலைக்கு அப்பால் 1995இல் வலிப்பு அறுவைத் திட்டத்தைத் தொடங்கிய ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகமும் இப்பகுதி மக்கள் எட்டக்கூடிய தொலைவிலேயே உள்ளன. 18 வயது வரையிலான சிறாரைப் பள்ளியிலேயே பரிசோதிக்க 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நோய்ப்பட்டியலில் வலிப்பும் இடம்பெற்றுள்ளது. புதிய கட்டடம் எழுப்பாமலே செய்யக்கூடியவை பல உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

முதலாவது, ஒவ்வொரு மறுவருகையிலும் வலிப்பின் எண்ணிக்கையோடு உறக்கம், கோபம், பள்ளி வருகை, நட்பு, மனச்சோர்வு ஆகிய ஐந்தையும் பிள்ளையிடமே வினவுவது. பெற்றோர் வெளியே இருக்கும் சில நிமிடங்களில்தான் இளையோர் வாய்திறப்பர். இரண்டாவது, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியரேனும் முதலுதவி அறிந்திருப்பது: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மென்மையானதை வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நீர் புகட்டாமல், கையில் இரும்பு தராமல், நேரத்தைக் கணக்கிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பின்னர் வகுப்பாரிடம் நடந்ததை இயல்பாக விளக்குவது அம்முதலுதவியின் மறுபாதி. மூன்றாவது, தடுக்கத்தக்க காரணங்களைத் தடுப்பது. வேலூர் மாவட்டத்தில் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் 2006இல் வெளியிட்ட கள ஆய்வில், நடப்பு வலிப்பு நோயுள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கியதே காரணமாயிருந்தது. புழுவின் முட்டை மனிதக் கழிவால் அசுத்தமான கையின் வழியும் கழுவாத காய்கறியின் வழியும் பரவுவதால், இறைச்சி உண்ணாதோருக்கும் அது வரும். கழிப்பறையும் கைகழுவலும் இங்கே மூளைக்கான மருந்தாகின்றன.

உலக நலவாழ்வுப் பேரவை 2022இல் ஏற்ற செயல்திட்டம், 2031க்குள் வலிப்பு நோயுள்ளோரில் 90 விழுக்காட்டினர் தம் நோயைச் சிகிச்சையால் தீரக்கூடிய மூளை நோய் என அறியவும், அவர்களில் 80 விழுக்காட்டினர் மருந்து பெறவும், மருந்து பெறுவோரில் 70 விழுக்காட்டினர் வலிப்புக் கட்டுப்பாடு அடையவும் இலக்கு வகுத்துள்ளது. மூன்று எண்களுள் அறிதல் முதலில் நிற்பது தற்செயலன்று. தன் நோயை அறிந்த இளையோரே மாத்திரையைத் தொடர்கின்றனர், தம் எரிச்சலுக்கும் மறதிக்கும் பெயருண்டு என்று தெரிந்தவர்களே உதவி கேட்கின்றனர். மகளைக் கோயில் முன் கிடத்திய கொல்லிமழவனின் காலத்தில் தந்தைக்கு வேறு வழியில்லை. இன்று கூடலூரிலோ சின்னமனூரிலோ உள்ள ஒரு தந்தைக்கு வழி உண்டு; மகளின் வலிப்பு அடங்கியபின்னும், அவள் நன்றாக உறங்கினாளா, தோழியோடு பேசினாளா, பள்ளிக்கு மகிழ்வோடு போனாளா என்று அவரும் ஆசிரியரும் மருத்துவரும் தொடர்ந்து கேட்கும்போதே அந்த வழி நிறைவுபெறும்.